வைரஸ் எழுதுபவன் யார்?

2007 ஆகஸ்ட் 31-ஆம் தேதி காலை, பெங்களூரில் ஒரு மென்பொருள் பொறியாளரின் வீட்டுக்குப் புனே போலீஸார் வந்தனர். ஆர்குட் இணையதளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படத்தை ஏற்றியவர் அவரே என்பது குற்றச்சாட்டு. ஆதாரம் ஓர் எண். குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட ஐ.பி. எண்ணைப் பயன்படுத்தியவர் இன்னார் என்று இணையச் சேவை நிறுவனம் எழுதிக் கொடுத்திருந்தது. அந்த ஒற்றைத் தகவலின் பேரில் அவர் புனேவுக்குக் கொண்டு செல்லப்பட்டு எரவாடா சிறையில் அடைக்கப்பட்டார். நிறுவனம் கொடுத்த விவரமே தவறு, அந்த எண்ணுக்கும் இவருக்கும் தொடர்பில்லை என்று தெளிவாகி அவர் வெளியே வருவதற்கு 50 நாள்கள் ஆயின.

நிறுவனத்தின் கவனக்குறைவும் போலீஸாரின் அவசரமும் அப்போதே விரிவாகப் பேசப்பட்டன. பேசப்படாதது ஒன்று உண்டு. ஒரு நிலத் தகராறில் இத்தனை மெலிந்த ஆதாரத்தை வைத்துக்கொண்டு மாநிலம் தாண்டிப் போய் ஒருவரைக் கைது செய்ய எந்தக் காவல் ஆய்வாளரும் தயங்கியிருப்பார். பத்திரம் எங்கே, பட்டா எங்கே, சாட்சி யார் என்ற கேள்விகள் எழுந்திருக்கும். கணினி என்ற சொல் வழக்குக்குள் நுழைந்ததும் அந்தக் கேள்விகள் அனைத்தும் விடைபெற்றுக்கொண்டன. எண் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை ஒருபுறம். கணினி தெரிந்தவன் எதையும் செய்யக்கூடியவன் என்ற எண்ணம் மறுபுறம். பெங்களூர், பொறியாளர், இளைஞர் என்ற மூன்றும் ஒன்றுசேர்ந்தபோது, நம் மனத்தில் ஏற்கெனவே வரையப்பட்டிருந்த கணினிக் குற்றவாளியின் படத்துக்கு அவர் கச்சிதமாகப் பொருந்திப்போனார்.

அந்தப் படம் எப்படி உருவானது, அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதை ஆராய வேண்டிய காலம் இது. கணினிக் குற்றம் இனி மெத்தப் படித்தவர்களின் தலைவலி மட்டுமல்ல. பெங்களூரின் கிழக்கே, காக்ஸ் டவுனுக்கும் லிங்கராஜபுரத்துக்கும் அருகே உள்ள ஜீவனஹள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது என நான்கு மொழிகளும் ஒரே தெருவில் புழங்கும் பழைய கன்டோன்மென்ட்டின் சுற்றுவட்டாரம் அது. ஐ.டி. நிறுவனத்துக்கு நிறுவன வாகனத்தில் போகிறவரும், ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் முதியவரும், கைப்பேசியில் வரும் ஆர்டரை நம்பி உணவு கொண்டுபோகும் இளைஞரும் அடுத்தடுத்த வாசல்களில் வசிக்கும் இப்படிப்பட்ட பகுதிகளில், மூவரின் சேமிப்பும் இன்று ஒரே கைப்பேசித் திரையின் வழியாகத்தான் போய் வருகிறது. இந்த மூவரில் யார் கணினிக் குற்றத்துக்கு இலக்காவார், யார் மீது சந்தேகம் விழும் என்று கேட்டால் நாம் சொல்லும் பதில்கள் பெரும்பாலும் தவறாகவே இருக்கும்.

தொடக்கத்தில் வைரஸ் எழுதியவர்கள் ஒளிந்துகொள்ளவே இல்லை. 1986-இல் பரவிய 'பிரெய்ன்' வைரஸை எழுதியவர்கள் பாகிஸ்தானின் லாகூரில் கணினிக் கடை நடத்திய இரு சகோதரர்கள். தாங்கள் தயாரித்த மருத்துவ மென்பொருளை யாரும் திருட்டுப் பிரதி எடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்தோம் என்றார்கள். நிரலுக்குள்ளேயே தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி, தடுப்பூசிக்கு எங்களை அணுகவும் என்று குறிப்பும் வைத்திருந்தார்கள். விசிட்டிங் கார்டு கொடுத்துவிட்டு நடந்த குற்றம் என்று இதைச் சொல்லலாம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1988 நவம்பர் 2-ஆம் தேதி, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டப்பான் மாரிஸ் அவிழ்த்துவிட்ட 'புழு' அன்றைய இணையத்தின் கணிசமான பகுதியை முடக்கியது. அவருடைய தந்தையோ அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையில் கணினிப் பாதுகாப்பு விஞ்ஞானி! மகனுக்குக் கிடைத்த தண்டனை 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, சுமார் 10,000 டாலர் அபராதம். பின்னாளில் அவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானார்.

மேதை, சிறுவன், குறும்பு, பிறகு கௌரவமான வேலை. இந்தக் கதை இங்கேதான் தொடங்கியது. 2004-இல் 'சாசர்' புழுவை எழுதிய ஜெர்மனியின் பதின்வயது மாணவரைக் காட்டிக் கொடுப்பவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இரண்டரை லட்சம் டாலர் பரிசு அறிவித்திருந்தது. பிடிபட்ட அவருக்கு நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனைதான் விதிக்கப்பட்டது. அதற்குள் ஒரு கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அவரை வேலைக்கும் எடுத்துக்கொண்டிருந்தது. நம்மூர்க் கல்லூரி விடுதிகளில் அக்காலத்தில் இச்செய்தி ஒருவிதப் பொறாமையுடன் பேசப்பட்டதை அந்தத் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்த் திரைப்படங்களும் தம் பங்குக்கு, இருட்டறையில் பத்து விரல்களால் விசைப்பலகையைத் தட்டி உலகையே நிறுத்தும் இளைஞனைப் பலமுறை காட்டிவிட்டன. பத்திரிகைகளும் விதிவிலக்கல்ல. கணினிக் குற்றம் பற்றி எந்தச் செய்தி வெளியானாலும் முக்காடு போட்ட ஓர் உருவமும் பச்சை எழுத்துகள் ஓடும் திரையும்தான் படமாக வருகின்றன.

உண்மை எவ்வளவு சாதாரணமானது என்பதற்கு 'ஐ லவ் யூ' வைரஸின் கதையே போதும். 2000 மே 4-ஆம் தேதி காதல் கடிதம் என்ற பெயரில் மின்னஞ்சல் வழியாகப் புறப்பட்டு உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கணினிகளைத் தாக்கிய வைரஸ் அது. பிலிப்பின்ஸ் தலைநகர் மணிலாவில் ஓனல் டி குஸ்மான் என்ற கல்லூரி மாணவர் மீது சந்தேகம் விழுந்தது. ஆனால், வைரஸ் எழுதுவதைக் குற்றமாக்கும் சட்டம் அந்நாட்டில் அப்போது இல்லை, வழக்கு கைவிடப்பட்டது. இருபது ஆண்டுகள் கழித்து, 2020-இல்தான் அவர் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளரிடம் உண்மையை ஒப்புக்கொண்டார். காரணம் என்ன தெரியுமா? இணைய இணைப்புக்குக் கொடுக்கக் காசில்லை. பிறருடைய கடவுச்சொல்லைத் திருடி இலவசமாக இணையத்தில் உலாவ வேண்டும் என்று நினைத்தார். உலகை அச்சுறுத்திய மேதை, இணையச் சந்தா கட்ட முடியாத ஓர் ஏழை மாணவர்.

அந்த வைரஸ் சில வாரங்களிலேயே பிலிப்பின்ஸுக்கு ஒரு சட்டத்தைப் பெற்றுத் தந்தது. அதே ஜூன் மாதத்தில், 2000 ஜூன் 9-ஆம் தேதி, இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார்; அக்டோபர் 17-இல் அது நடைமுறைக்கு வந்தது. நம்முடைய சட்டம் மின்வணிகத்தை முன்னிட்டு எழுதப்பட்டது. குற்றப் பிரிவுகள் அதில் ஓர் ஓரத்தில்தான் இருந்தன. 43-ஆவது பிரிவின்படி பிறர் கணினியில் வைரஸைப் புகுத்துவது இழப்பீடு கொடுக்க வேண்டிய செயல். 2008-இல் திருத்தப்பட்டு 2009 அக்டோபர் 27 முதல் அமலுக்கு வந்த வடிவத்தில்தான், அச்செயலை நேர்மையற்ற முறையிலோ மோசடியாகவோ செய்தால் 3 ஆண்டு வரை சிறை என்று 66-ஆவது பிரிவு தெளிவாக்கியது. அதே திருத்தத்தின் முதுகில் ஏறி 66-ஏ என்ற பிரிவும் உள்ளே வந்தது.

கணினிக் குற்றவாளி என்ற பூச்சாண்டியைக் காட்டி எதையெல்லாம் சட்டமாக்கலாம் என்பதற்கு 66-ஏ சரியான சான்று. 'தொல்லை', 'அசௌகரியம்' தரும் மின்செய்திக்குச் சிறை என்றது அது. 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு சிறு தொழிலதிபர், அன்றைய மத்திய நிதி அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் இரண்டு வரி எழுதியதற்காக அதிகாலையில் கைது செய்யப்பட்டார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் அப்போது சொற்பம். கைதுக்குப் பிறகுதான் நாடே அந்த வரிகளைப் படித்தது. அடுத்த மாதம் மகாராஷ்டிர மாநிலம் பால்கரில் பால் தாக்கரே மறைவையொட்டிய கடையடைப்பைப் பற்றிய ஒரு பதிவுக்காக இரு இளம்பெண்களுக்கு அதே கதி நேர்ந்தது. 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவையே ரத்து செய்தது. அத்துடன் முடிந்ததா? ரத்தான பிரிவின் கீழ் நாடெங்கும் வழக்குகள் தொடர்ந்து பதிவாவதைக் கண்டு 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. வைரஸைப் போலவே சட்டப் பிரிவுகளும் அழித்த பின்னும் எங்கோ தங்கிவிடுகின்றன போலும்.

உண்மையான குற்றவாளி யார் என்பதைத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று ஆரம்பத்திலேயே காட்டியிருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் நாட்டில் முதன்முதலில் தண்டனை கிடைத்த வழக்குகளில் ஒன்று சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில் 2004 நவம்பரில் முடிந்தது. திருமணத்துக்கு மறுத்த பெண்ணின் பெயரில் ஆபாசச் செய்திகளையும் தொலைபேசி எண்ணையும் இணையத்தில் பரப்பிய ஆண் அந்த வழக்கின் குற்றவாளி. வைரஸும் இல்லை, மேதைமையும் இல்லை. மறுப்பைத் தாங்க முடியாத பழைய ஆணவம், புதிய கருவியைக் கையில் எடுத்திருந்தது. புகார் பதிவான சில மாதங்களிலேயே தீர்ப்பு வந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். இன்று அந்த வேகத்தைக் கனவில்தான் காண முடியும்.

கணினிக் குற்றங்களுக்கென்று தனிக் காவல் நிலையம் என்ற ஏற்பாட்டை 2001-லேயே செய்து நாட்டுக்கு வழிகாட்டிய மாநிலம் கர்நாடகம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டில் பதிவான 86,420 கணினிக் குற்ற வழக்குகளில் 21,889 கர்நாடகத்தில் பதிவானவை; மாநிலங்களில் அதுவே முதலிடம். பெங்களூரில் குற்றவாளிகள் அதிகம் என்று இதற்குப் பொருளில்லை. புகாரைப் பெற்றுக்கொள்ளும் நிலையங்கள் அங்கே அதிகம், இழப்பதற்குப் பணம் உள்ளவர்களும் அதிகம். நாடு முழுவதும் கணினி மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 2024-இல் 22,845 கோடி ரூபாய் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. முந்தைய ஆண்டில் இது 7,465 கோடி. ஒரே ஆண்டில் மூன்று மடங்கு!

இத்தனை கோடியும் வைரஸால் போகவில்லை. நச்சு நிரலை எழுதும் சிரமம்கூட இன்றைய மோசடிக்காரர்களுக்குத் தேவைப்படுவதில்லை. சி.பி.ஐ. அதிகாரி பேசுகிறேன், உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, விடியோ அழைப்பை விட்டு நகரக் கூடாது என்று மிரட்டினால் போதும். 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று சட்டத்திலேயே கிடையாது என்று பிரதமரே 2024 அக்டோபர் 27-ஆம் தேதி வானொலி உரையில் விளக்க நேர்ந்தது. அப்படியும் பேராசிரியர்களும் மருத்துவர்களும் வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களும், ஏன், பெங்களூரின் மென்பொருள் பொறியாளர்களும்கூட இதில் கோடிக்கணக்கில் இழந்துகொண்டேதான் இருக்கிறார்கள். கணினி அறிவு இங்கே கேடயமாகவில்லை. ஏனெனில் தாக்கப்பட்டது கணினியல்ல. போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்குள் எழும் அச்சம். விசாரணை என்றால் மிரட்டல்தான், அதிகாரி என்றால் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்று மக்களைப் பழக்கி வைத்திருப்பது யார்? மோசடிக்காரன் போடும் வேஷம் எடுபடுவதற்கு அசல் போலீஸாரின் நடைமுறையும் ஒரு காரணம் என்பதைக் காவல்துறைத் தலைமை ஒருநாளும் ஒப்புக்கொள்வதில்லை.

பணத்தை இழந்தவரை நாம் நடத்தும் விதமோ கொடுமை. 'இவ்வளவு படித்தும் ஏமாந்துவிட்டாரே' என்ற ஏளனம் சொந்த வீட்டிலேயே தொடங்குகிறது. 1930 என்ற உதவி எண்ணை உடனே அழைத்தால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்புண்டு. ஆனால், மகனிடம் எப்படிச் சொல்வது, மருமகள் என்ன நினைப்பாள் என்று தயங்கியே அந்தப் பொன்னான நேரத்தைத் தொலைக்கும் முதியவர்கள் எத்தனை பேர்! குற்றவாளியை மேதையாகக் கருதும் சமூகம், பாதிக்கப்பட்டவரை முட்டாளாகத்தான் கருதும். இரண்டும் ஒரே நாணயத்தின் இரு முகங்கள்.

வங்கிகளுக்கு இந்த மனோபாவம் மிகவும் வசதி. தூத்துக்குடியில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் கணக்கு வைத்திருந்த, வெளிநாட்டில் பணிபுரிந்த தமிழர் ஒருவரின் பணம் போலி மின்னஞ்சல் மோசடியில் பறிபோனது. கடவுச்சொல்லைக் கொடுத்தது வாடிக்கையாளரின் அஜாக்கிரதை, எங்கள் பொறுப்பல்ல என்று வங்கி வாதிட்டது. தமிழகத் தகவல் தொழில்நுட்பச் செயலர், சட்டப்படியான தீர்ப்பு அதிகாரி என்ற முறையில் 2010 ஏப்ரலில் அந்த வாதத்தை நிராகரித்து, 12.85 லட்சம் ரூபாய் வழங்குமாறு வங்கிக்கு உத்தரவிட்டார். துணிச்சலான முன்னுதாரணம். அது நாடெங்கும் பரவியிருக்க வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையும் வாடிக்கையாளரின் பொறுப்புக்கு வரம்பு கட்டியது. வங்கியின் குறைபாட்டாலோ, இருவர் மீதும் தவறில்லாத மூன்றாம் தரப்பு ஊடுருவலாலோ நேர்ந்த இழப்பை உரிய காலத்தில் தெரிவித்தால் அவர் இழக்க வேண்டியதில்லை. ஆனால், ரகசிய எண்ணை அவரே பகிர்ந்திருந்தால், புகார் சொல்லும்வரை போன பணம் அவருடைய நஷ்டம். இன்றைய மோசடிகளில் பெரும்பாலானவை மிரட்டியும் ஏமாற்றியும் அவர் கையாலேயே பணத்தை அனுப்ப வைப்பவை. ஆகவே, சுற்றறிக்கையின் பாதுகாப்பு எங்கே தேவையோ அங்கே முடிந்துவிடுகிறது. இருபது ஆண்டுகளாக மாதம் ஐயாயிரம் எடுக்கும் ஓய்வூதியர் ஒரே நாளில் முப்பது லட்சத்தை அறிமுகமில்லாத கணக்குக்கு அனுப்பும்போது வங்கிக்குச் சந்தேகம் வர வேண்டாமா?

அந்த அறிமுகமில்லாத கணக்கு யாருடையது என்று பார்த்தால் இன்னொரு சோகம் தெரியும். சில ஆயிரம் ரூபாய்க்காகத் தம் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் சிம் கார்டையும் வாடகைக்குக் கொடுத்த இளைஞர்கள்தான் பெரும்பாலும் முதலில் பிடிபடுகிறார்கள். வேலையில்லாத பட்டதாரி, கடனில் சிக்கிய ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர். 'சைபர் கும்பல் கைது' என்ற தலைப்பில் முகத்தை மூடிய நிலையில் நிற்கும் இவர்களுக்கு, கும்பலின் தலைவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்பதே தெரியாது. இவர்கள் நிரபராதிகள் என்று சொல்லவில்லை. ஆனால், வழக்கு இவர்களோடு நின்றுபோவதுதான் வாடிக்கை.

எல்லைக்கு அப்பாலும் நிலைமை வேறல்ல. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவாடி பகுதியில் அடைத்து வைக்கப்பட்ட தமிழக இளைஞர்கள் சிலர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை திரும்பினர். மறுத்தால் அடி, மின்சார அதிர்ச்சி. செய்தால் நாளொன்றுக்கு இத்தனை பேரை ஏமாற்ற வேண்டும் என்ற இலக்கு. ஜீவனஹள்ளியிலோ தூத்துக்குடியிலோ ஒருவருடைய கைப்பேசிக்கு இனிக்க இனிக்கச் செய்தி அனுப்பும் மறுமுனை விரல்கள் அடிமைப்பட்டுக் கிடப்பவருடையதாக இருக்கலாம். முக்காடு போட்ட மேதையின் படத்தில் இவருக்கு இடமேது?

மேதை என்று கொண்டாடப்பட்ட ஒருவரின் வழக்கு பெங்களூரிலேயே என்ன ஆயிற்று என்பதையும் பார்க்கலாம். 2020 நவம்பரில் மத்தியக் குற்றப் பிரிவு போலீஸார் ஓர் இளைஞரைப் போதைப்பொருள் வழக்கில் கைது செய்தனர். பிட்காயின் சந்தைகளையும், கர்நாடக அரசின் மின்கொள்முதல் தளத்தையும் ஊடுருவியவர் என்று பின்னர் கூறப்பட்டது. பல வாரங்கள் ஊடகங்கள் அவருடைய சாகசங்களையே பேசின. மாநில அரசியலே அதிர்ந்தது. ஆட்சி மாறிய பின் 2023-இல் அமைக்கப்பட்ட சிறப்புப் புலனாய்வுக் குழு 2024 ஜனவரியில் கைது செய்தது யாரை? அந்த வழக்கை விசாரித்த காவல் ஆய்வாளர் ஒருவரையும், போலீஸாருக்கு உதவிய தனியார் கணினி நிபுணரையும்! காவலில் இருந்தவர்களைச் சட்டவிரோதமாக வைத்திருந்தது, ஆதாரங்களைச் சிதைத்தது என்பவை அவர்கள் மீதான குற்றச்சாட்டுகள். உண்மை நீதிமன்றத்தில் தெளிவாகட்டும். எல்லோரும் ஊடுருவியவனின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தபோது, பறிமுதல் செய்யப்பட்ட கணினி யார் கையில் இருக்கிறது என்று எவரும் பார்க்கவில்லை.

இனிதான் பெரிய கேள்வி. உலகின் மிகத் திறமையான வைரஸ்களை எழுதுபவர்கள் யார்? 2010-இல் வெளிச்சத்துக்கு வந்து, ஈரானின் நடான்ஸ் யுரேனியச் செறிவூட்டு மையத்தின் சுழல் இயந்திரங்களைச் சிதைத்த 'ஸ்டக்ஸ்நெட்' எந்தச் சிறுவனும் எழுதியதல்ல. அமெரிக்காவும் இஸ்ரேலும் இணைந்து உருவாக்கியதாகவே உலகம் கருதுகிறது. 2017 மே 12-ஆம் தேதி பிரிட்டிஷ் மருத்துவமனைகளை முடக்கிய 'வான்னாக்ரை' பரவுவதற்குத் துணையானது, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை தன் உளவுக்காகப் பதுக்கி வைத்திருந்து களவுபோன கருவி. அந்தத் தாக்குதலை நிறுத்தியவரோ மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது பிரிட்டிஷ் இளைஞர். அவர் பதின்பருவத்தில் வங்கித் திருட்டு நிரல் எழுதியதற்காக அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவில் கைதானார், குற்றத்தை ஒப்புக்கொண்டார். நீதிபதி 2019-இல் மேலும் சிறை வேண்டாம் என்று விடுவித்தார். கருவியைப் பதுக்கி வைத்த முகமையிலிருந்து அதற்காக எவரும் கூண்டில் ஏறவில்லை.

நம் கூடங்குளத்தையும் மறக்க வேண்டாம். அணுமின் நிலையத்தில் நச்சு நிரல் புகுந்துவிட்டது என்று 2019 அக்டோபர் இறுதியில் செய்தி கசிந்தபோது, அப்படி நடக்கவே வாய்ப்பில்லை என்று நிலைய நிர்வாகம் 29-ஆம் தேதி அறிக்கை விட்டது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நிர்வாகப் பணிக்கான ஒரு கணினியில் நச்சு நிரல் கண்டுபிடிக்கப்பட்டது உண்மைதான், செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் வந்தது, உலையின் கட்டுப்பாட்டுக் கருவிகள் பாதிக்கப்படவில்லை என்று கூறியது. கடைசிச் சொல் உண்மையாகவே இருக்கட்டும். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தெரிந்த செய்தியை, கேட்ட பிறகும் முதல் நாளில் மறுத்தது ஏன்? கணினி அவசரநிலைகளைக் கையாளும் மத்திய அமைப்பான செர்ட்-இன், 2023 நவம்பரில் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்தே விலக்கப்பட்டுவிட்டது. இனி இடிந்தகரை மீனவர் கேட்டால் பதில் சொல்லும் கட்டாயம்கூட அதற்கு இல்லை.

ஜீவனஹள்ளிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், பென்சன் டவுனில் இந்திய சமூக நிறுவனம் இருக்கிறது. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி 1975 முதல் 1986 வரை அதன் இயக்குநராக இருந்தார். பிறகு ஜார்க்கண்ட் பழங்குடியினரிடையே பணியாற்றச் சென்றார். பீமா கோரேகான் வழக்கில் 2020 அக்டோபர் 8-இல் ராஞ்சியில் கைதானபோது அவருக்கு வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5-இல், ஜாமீன் மனு நிலுவையில் இருக்கும்போதே மும்பை மருத்துவமனையில் இறந்தார்.

அவர் மீதான குற்றச்சாட்டுக்கு முக்கிய அடிப்படை, அவர் கணினியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஆவணங்கள். பாதுகாப்புத் தரப்பின் வேண்டுகோளின்படி ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம் 2022 டிசம்பரில் தன் முடிவை வெளியிட்டது. 2014 முதல் அக்கணினி நச்சு நிரல் மூலம் ஊடுருவப்பட்டிருந்தது. 40-க்கும் மேற்பட்ட ஆவணங்கள் அவருக்குத் தெரியாமலேயே உள்ளே வைக்கப்பட்டன. 2019 ஜூன் 12-இல் புனே போலீஸார் கணினியைப் பறிமுதல் செய்வதற்கு முந்தைய இரவு, ஊடுருவியவர் தம் தடயங்களை அழிக்க முயன்றார் என்றது அந்த அறிக்கை. இதே வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினியைப் பற்றியும் 2021-லேயே அந்நிறுவனம் இப்படித்தான் கூறியிருந்தது. தேசியப் புலனாய்வு முகமை இதை ஏற்கவில்லை. அரசுத் தடயவியல் ஆய்வையே தாங்கள் நம்புவதாகக் கூறியது. எது சரி என்பது நீதிமன்றம் சாட்சிகளை விசாரித்துச் சொல்ல வேண்டியது. ஆயினும் ஒரு கேள்வி உண்டு. மறுநாள் சோதனை நடக்கப்போவது முந்தைய இரவே ஊடுருவியவருக்கு எப்படித் தெரிந்தது? (2007-இல் பெங்களூர்ப் பொறியாளரின் கதவைத் தட்டியதும் புனே போலீஸார்தான். தற்செயலாகவே இருக்கலாம்.)

பிறர் கணினியில் திருட்டுத்தனமாக ஆவணம் வைப்பவர் 43, 66 ஆகிய பிரிவுகளின்படி குற்றவாளி. அரசின் பெயரால் செய்தாலும் குற்றமே. 69-ஆவது பிரிவு தகவல்களை இடைமறிக்கவும் கண்காணிக்கவும் அரசுக்கு அதிகாரம் தருகிறதே தவிர, குடிமகனின் கருவியில் எதையும் புகுத்த உரிமை தரவில்லை. பெகாசஸ் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்பக் குழு ஆராய்ந்த 29 கைப்பேசிகளில் ஐந்தில் ஏதோ ஒரு நச்சு நிரல் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதி செய்ய முடியவில்லை, மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி அமர்வே வெளிப்படையாகச் சொன்னது. வாங்கினீர்களா இல்லையா என்ற எளிய கேள்விக்கு தில்லி நேரடியாகப் பதில் கூறவில்லை. ஆனாலும் வைரஸ் எழுதுபவர் யார் என்று இன்றும் கேட்டால், அரசுகளின் பெயரைச் சொல்பவர் நம்மில் எத்தனை பேர்?

சட்டத்தில் சிறிது வெளிச்சம் வந்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணு ஆதாரத்துடன் தரும் சான்றிதழில் 'ஹாஷ்' எண்ணைக் குறிப்பிடச் சொல்கிறது. கணினியில் உள்ள தகவல் முழுவதற்கும் கணக்கிடப்படும் விரல்ரேகை போன்றது அந்த எண். ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். சோதனையையும் பறிமுதலையும் விடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு. பறிமுதல் செய்யப்படும் கருவிகள் குறித்து வழிகாட்டு நெறிகள் தேவை என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. ஆனால், ஹாஷ் எண்ணை எப்போது கணக்கிடுவது? கருவி காவல் நிலையத்து அலமாரியில் பல வாரங்கள் கிடந்து, பிறகு ஆய்வகத்துக்குப் போய், அங்கே எண் குறிக்கப்பட்டால், இடைப்பட்ட நாள்களுக்கு யார் பொறுப்பு? வீட்டு வாசலிலேயே, உரிமையாளரின் கண் முன்னே, எண்ணைக் கணக்கிட்டு, அதன் நகலில் இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒன்றை அவரிடம் கொடுக்க வேண்டும். அதற்கான கருவியும் பயிற்சியும் பெற்றவர் இல்லாமல் சோதனைக்குப் போகும் போலீஸார் கொண்டுவரும் கணினியை ஆதாரமாக ஏற்க நீதிமன்றங்கள் மறுக்க வேண்டும். தடயவியல் ஆய்வகங்கள் காவல்துறையின் கட்டுப்பாட்டிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். பாதுகாப்புத் தரப்புக்கும் கருவியின் முழுப் பிரதி முதல் நாளிலேயே கிடைக்க வேண்டும். ஸ்டேன் சுவாமியின் கணினி குறித்த ஆய்வு முடிவு வெளியானபோது அவர் இறந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது.